ஒளிக்காத அடைக்கலம்

ஹம்பேர்க் தமிழர்களிடையே அம்புறோசுக்கு 'சிவப்பு லைற்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. நடந்து போகிறவர்களுக்கான விளக்கு சிவப்பாக இருந்தால் அவர் தெருவைக் கடக்கமாட்டார். இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு ஒரு சைக்கிள்கூட வராவிட்டாலும் குடையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருப்பார். அந்த வழியால் தன் வான் வண்டியில் போகும் நண்பர் ஸ்ரனிஸ்லாஸ், கண்ணாடியை இறக்கிவிட்டு இதற்கென்றே வைத்திருந்ததுபோல ஏதாவது சொல்வார்.

"டேய் அம்புறோஸ், உந்த லைற் பழுதாப்போனா நீ அதிலயே கிடந்து சாவாய். நாங்கள் சோறு கட்டிக்கொண்டு வரவேணும்."

"பழுதெண்டா அந்தக் கம்பத்தில ரெலிபோன் நம்பர் ஒட்டியிருக்கு. அடிச்சுச் சொல்லுவன்" என்பார் அம்புறோஸ். அவர் பகிடி விடவில்லை. இரண்டு முறை அடித்தும் இருக்கிறார்.

இருவரும் ஒரே வருடத்தில் வந்தவர்கள், ஒரே அகதி விடுதியில் ஒரே அறையில் கிடந்தவர்கள். ஸ்ரனிஸ்லாஸ் பிரதான ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மரக்கறிக் கடை போட்டார். அம்புறோஸ் உணவகத்தில் கோப்பை கழுவினார், துறைமுகத்துப் பண்டகசாலையில் பெட்டி அடுக்கினார். பிறகு நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் ஒரு கத்தோலிக்கக் கோவிலைப் பராமரிக்கும் வேலை கிடைத்தது. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் தேவாலயத்தைக் கோவில் என்றுதான் சொல்வார்கள். அவரும் அப்படித்தான் சொல்வார். பூசைக்கு மெழுகுதிரி கொளுத்துவது, மணி அடிப்பது, கொதிகலனைக் கவனிப்பது, பனி விழுந்தால் ஆட்கள் நடக்கத் தொடங்குமுன் நடைபாதையை வழித்து மணல் தூவுவது எல்லாம் அவர் பொறுப்பு. கொதிகலனின் கைந்நூலை அகராதியோடு உட்கார்ந்து படித்தே அதைப் பழுதுபார்க்கப் பழகிக்கொண்டார். இருபது வருடமாக அந்தக் கோவிலில் பனிக்காலத்தில் ஒருவரும் வழுக்கி விழுந்ததில்லை, ஒரு பூசையும் குளிரில் நடந்ததில்லை.

சட்டத்தின்மேல் அவருக்கு இருந்த மரியாதையைப் பயம் என்று பலர் நினைத்தார்கள். பயம் அல்ல. அது ஒரு கதிரையிலிருந்து வந்தது. பத்தொன்பது வயதில் கிழக்கு பேர்ளினில் விமானத்தால் இறங்கி, ரயிலேறி மேற்குப் பக்கம் வந்து, முதலில் கண்ட பொலிஸ் நிலையத்துக்குள் நுழைந்து பெயரைச் சொன்னார். சீருடையைக் கண்டால் கைகளைத் தூக்கிக்கொண்டு மதிலோடு நிற்கவேண்டும் என்பதுதான் அதுவரை அவருக்குத் தெரிந்தது. அங்கே இருந்த பொலிஸ்காரர் எழுந்து, பக்கத்து மேசையிலிருந்து ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, 'இருங்கள்' என்று மரியாதையாகச் சொன்னார். அம்புறோஸ் இருந்தார். அதிகாரங்கள் கடவுளுடைய ஏற்பாடு, அவற்றுக்குப் பணிந்து நடக்கவேண்டும் என்று அர்ச்சிஷ்ட சின்னப்பர், அதாவது புனித பவுல், எழுதியதை ஊரில் வாசிக்கக் கேட்டபோது, சின்னப்பருக்கு எங்கள் சந்தியில் நிற்கும் இராணுவத்தைத் தெரியாது என்று நினைத்தவர் அவர். அந்தக் கதிரையில் இருந்த பிறகுதான் சின்னப்பர் எதைச் சொல்ல வந்தார் என்று தமக்கு விளங்கியதாகச் சொல்வார். கையில் துவக்கு இருந்தும் கதிரை தருகிற அதிகாரம் ஒன்று உலகத்தில் இருக்கிறதென்றால் அது கடவுளிடமிருந்துதான் வந்திருக்கவேண்டும். அதற்குப் பணிவதில் அவருக்குக் கூச்சம் இல்லை.

அப்படிப்பட்டவரிடம்தான் அந்த ஒக்டோபரில் பங்குத்தந்தை லூடர்ஸ் வந்து, மேல்மாடி அறைகள் இரண்டையும் கொஞ்சம் சூடாக்கி வைக்கவேண்டும் என்றார்.

"யார் வருகிறார்கள்?"

"உங்கள் நாட்டுப் பெண் ஒருவர். கோவில் அடைக்கலம் கொடுக்கப்போகிறோம்."

வருகிறவள் பெயர் பிரபாலினி. முல்லைத்தீவுப் பக்கத்தவள், முப்பது வயது, கணவனை இழந்தவள். கிழக்கே ஒரு நாட்டின் எல்லைக் காட்டைக் கடந்து ஐரோப்பாவுக்குள் வந்தவள். அந்த நாட்டில் பிடித்து விரலடையாளம் எடுத்து, ஒரு பனிக்காலம் முழுவதும் தகரப் பெட்டி முகாமில் அடைத்து வைத்திருந்தார்கள். இடது காலில் இரண்டு விரல்கள் குளிரில் கருகி அங்கேயே போய்விட்டன. முதலில் விரலடையாளம் கொடுத்த நாடுதான் வழக்கை விசாரிக்கவேண்டும் என்பது ஐரோப்பியச் சட்டம். ஆகவே ஜேர்மனி அவளைத் திரும்ப அந்த முகாமுக்கே அனுப்பத் தீர்மானித்திருந்தது. ஆறு மாதத்துக்குள் அனுப்பவேண்டும். அனுப்பாமல் அந்தத் தவணை கடந்துவிட்டால் வழக்கு ஜேர்மனியின் பொறுப்புக்கு வந்துவிடும். அதுவரைக்கும் கோவில் வளவுக்குள் அவளை வைத்துக் காப்பதென்று பங்குச்சபை முடிவெடுத்திருந்தது.

அம்புறோஸ் மண்டபத்துக் கதிரைகளை அடுக்குவதை நிறுத்தவில்லை.

"சுவாமி, அரசாங்கம் போ என்று சொன்னவரை நாங்கள் இரு என்று சொல்கிறோம். அது சட்டத்தை மீறுவதுதானே?"

"மீறுவதுதான்" என்றார் லூடர்ஸ். அவர் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் அல்ல. "ஆனால் ஒளித்து மீறவில்லை. அவர் வந்து சேரும் அன்றே, இன்ன பெயருடையவர், இன்ன முகவரியில், எங்கள் பொறுப்பில் இருக்கிறார் என்று அலுவலகத்துக்கு அறிவித்துவிடுவேன். என் பெயரைப் போட்டுத்தான் அறிவிப்பேன்."

"அறிவித்தால் வந்து பிடிக்கமாட்டார்களா?"

"பிடிக்கலாம். சட்டப்படி அவர்களால் முடியும். வழமையாகப் பொறுத்துக்கொள்வார்கள். கோவிலுக்கென்று தனிச் சட்டம் ஏதும் இல்லை, ஹெர் அம்புறோஸ். சட்டம் பிழை என்று நான் சொல்லவில்லை. இந்த ஒருவரை இன்னொரு முறை பாருங்கள் என்று கேட்கிறேன். அவர்கள் பார்க்கும்வரை பக்கத்தில் நிற்கிறேன். அவ்வளவுதான். வந்தால் கதவை அடைக்கப்போவதில்லை."

இந்த விளக்கம் அம்புறோசுக்குப் பிடிபடவில்லை. ஒன்றில் கீழ்ப்படிய வேண்டும், இல்லையென்றால் எதிர்க்கவேண்டும். இரண்டுக்கும் நடுவில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பது என்ன வகை? வீட்டுக்குப் போய் மனைவி தேவமலரிடம் சொன்னார். முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்து காலை நீட்டிக்கொண்டு இருந்தவள், தேத்தண்ணியை ஊதியபடி கேட்டாள்.

"அறையைச் சூடாக்கச் சொன்னவரோ, இல்லாட்டிச் சட்டத்தை மாத்தச் சொன்னவரோ?"

"சூடாக்கத்தான் சொன்னவர்."

"அப்ப சூடாக்குங்கோவன். மிச்சத்தைச் சுவாமி பாக்கட்டும். அந்தப் பிள்ளைக்கு ரெண்டு விரல் போட்டுதாம், நீங்கள் இஞ்ச இருந்து நியாயம் பிளக்கிறியள்."

சூடாக்கினார்.

பிரபாலினி ஒரு தோள்பையோடு வந்து சேர்ந்தாள். வளவின் எல்லையைக் காட்டுவது அம்புறோசின் வேலையாயிற்று. தெருப் பக்கம் இரும்புக் கேற், வடக்கே வேலிச்செடி, பின்னால் சைக்கிள் நிறுத்துமிடம், அதற்கப்பால் ஒழுங்கை.

"இந்தச் சைக்கிள் கம்பி மட்டும்தான் பிள்ளை. அதுக்கு அங்கால ஒரு அடியும் வைக்கக்கூடாது. இஞ்ச நிக்கும்வரைக்கும் நீ எங்க நிக்கிறாய் எண்டு அவைக்குத் தெரியும். அங்கால போனா ஓடினதாத்தான் கணக்கு."

"இஞ்ச நிண்டா மட்டும் பிடிக்கமாட்டினமோ அண்ணை?"

"அதை நான் சொல்ல ஏலாது."

அவள் அவரை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். ஆறுதலுக்காவது ஒரு பொய் சொல்லமாட்டாரா இந்த மனுசன் என்று நினைத்திருக்கவேண்டும்.

வந்த மூன்றாம் நாள் மேல்மாடியில் புகை எச்சரிக்கைக் கருவி அலறியது. அம்புறோஸ் படிகளில் விழுந்தடித்து ஓடினார். அறையின் மூலையில், ஒரு சிறிய அம்மன் படத்துக்கு முன்னால், பிரபாலினி கற்பூரத் தட்டோடு நடுங்கிக்கொண்டு நின்றாள். பொலிஸ் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டாளாம். அவர் கதிரையில் ஏறி அதை நிறுத்தினார்.

"உதைக் கழட்டி வைக்கலாம்தானே அண்ணை?"

"கழட்ட ஏலாது. படுக்கிற அறைக்கு உது இருக்கவேணும் எண்டது சட்டம்."

"இஞ்ச நானே சட்டத்துக்கு மாறாத்தானே இருக்கிறன். எனக்கு மேல இருக்கிற பெட்டி மட்டும் சட்டப்படி இருக்கவேணுமோ?"

அம்புறோசுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுவரை அவளோடு சிரிக்கக்கூடாதென்று வைத்திருந்தார். மறுநாள் கொதிகலன் அறைக்கு வெளியே, காற்றுப் படாத ஒரு மூலையில், இரண்டு செங்கல் அடுக்கி மேலே ஓடு வைத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் அந்தக் கத்தோலிக்க வளவில் அம்மனுக்குக் கற்பூரம் எரிந்தது. லூடர்ஸ் சுவாமியார் கண்டும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனாலும் அம்புறோசின் மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை. காலையில் பனி வழிக்கும்போது சட்டத்துக்குப் பணிகிறார், அதே கையால் மேல்மாடிச் சூட்டைக் கூட்டும்போது மீறுகிறார். பொலிஸ்காரர் யாராவது தெருவில் வணக்கம் சொன்னால் முன்புபோல நேராகப் பார்த்துப் பதில் சொல்ல முடியவில்லை. வெறுங்கோவிலில் மெழுகுதிரி மாற்றும்போது சின்னப்பரோடு வழக்காடுவார். பிறகு இராயப்பரை, அதாவது புனித பேதுருவை, நினைப்பார். பிரசங்கிக்கக்கூடாதென்று அதிகாரிகள் தடுத்தபோது, மனிதருக்கு முன் கடவுளுக்குக் கீழ்ப்படியவேண்டும் என்று சொன்னவர் அவர். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டு அவர் ஓடவில்லை, அதே இடத்தில் நின்று பிடிபட்டார், அடி வாங்கினார் என்பதை அம்புறோஸ் அந்தப் பனிக்காலத்தில்தான் கவனித்தார். சின்னப்பரும் இராயப்பரும் அப்போது ஒருவருக்கொருவர் அவ்வளவு தூரத்தில் நிற்கவில்லை என்று தோன்றும். அடுத்த நாள் அதுவும் கலைந்துபோகும்.

ஸ்ரனிஸ்லாசுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. ஒவ்வொரு வியாழனும் அவர் அரிசி, மரக்கறி, கருவாடு என்று வானில் கொண்டுவந்து இறக்குவார். இறக்கிவிட்டுக் குரலைத் தாழ்த்தி அவளிடம் சொல்வார்.

"தங்கச்சி, வேறொரு ஊரில கோவிலுக்குள்ள பூந்தே கூட்டிக்கொண்டு போட்டாங்களாம். அம்புறோசை நம்பாதை. உவன் பொலிசுக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுப்பான். எனக்கு பிறேமன் பக்கம் ஒரு ஆள் இருக்கு, அறை இருக்கு. உங்கட வாசலில பொலிஸ் கார் நிண்டா யோசிக்காமப் பின்பக்கத்தால வந்து வானில ஏறு."

ஊரில் அப்படித்தான் உயிர்கள் தப்பின. சுற்றிவளைப்பு என்றால் பின்வளவால் பாய்வது, கிணற்றுக்கட்டுக்குப் பின்னால் பதுங்குவது, கேட்டால் 'அவர் இஞ்ச இல்லை' என்பது. காப்பதென்றால் ஒளிப்பது என்றுதான் எங்கள் ஆட்களின் உடம்புக்கே தெரியும். ஸ்ரனிஸ்லாஸ் சொன்னதில் கெட்ட எண்ணம் ஒரு துளியும் இல்லை.

பெப்ரவரியில் ஒரு வியாழன் காலை அது நடந்தது. லூடர்ஸ் சுவாமியார் ஓல்ஸ்டோர்வ் இடுகாட்டில் ஒரு அடக்கத்துக்குப் போயிருந்தார். ஸ்ரனிஸ்லாசின் வான் பின்வளவில், சைக்கிள் கம்பிக்கு உட்பக்கமாக, நின்றது. அம்புறோஸ் முன்படிக்கு மணல் தூவிக்கொண்டிருந்தபோது நீலமும் வெள்ளியுமான பொலிஸ் கார் ஒன்று தெரு முனையில் திரும்பி, இலக்கங்களைப் பார்த்தபடி மெல்ல வந்து, எதிர்ப்பக்கத்தில் இடம் தேடியது.

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் மேல்மாடிக்கு ஏறினார். அறை திறந்து கிடந்தது. அம்மன் படம் சுவரில் இல்லை. பின் யன்னலால் பார்த்தார். வானின் பின்கதவை ஸ்ரனிஸ்லாஸ் சாத்திக்கொண்டிருந்தார்.

அம்புறோஸ் பின்படியால் இறங்கி ஓடினார். அறுபதை நெருங்கும் மனிதர், இரண்டு படி வழுக்கிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். வானின் பக்கத்தில் போய் நின்றபோது மூச்சு வாங்கியது.

"கதவைத் திற."

"விசர்க்கதை கதைக்காதை. வழியை விடு."

"நான் வழியை மறிக்கேல்லை. பின்னுக்கு ஆரும் நிக்கேல்லை, நீ போகலாம். அந்தப் பிள்ளையோட ஒரு கதை கதைச்சிட்டுப் போ."

"கதைக்க நேரமில்லையடா! முன்னால பொலிஸ் நிக்குது!"

"தெரியும். நான்தான் கண்டனான். கார் விட இடம் தேடினம். கண்ட இடத்தில விடமாட்டினம்."

அந்த நிலையிலும் ஸ்ரனிஸ்லாசுக்குச் சிரிப்பில் வாய் கோணிற்று. ஆனால் உடனே கோபம் திரும்பிவிட்டது.

"நீ பெரிய வேதக்காரன்தானே? உன்ர சின்னப்பரைப் பிடிக்க ஆக்கள் வாசலில நிண்டபோது என்ன செய்தவை? கூடைக்குள்ள வைச்சு மதிலால இறக்கி அனுப்பினவையோ இல்லையோ? குழந்தை இயேசுவைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடினவையோ இல்லையோ? அவையெல்லாம் பாவமோ?"

 சின்னப்பரின் கூடை அம்புறோசுக்கு இத்தனை மாதத்தில் ஒருமுறைகூட நினைவுக்கு வரவில்லை.

"பாவமில்லை" என்றார். "அதுக்கு என்னட்டப் பதிலும் இல்லை. பிள்ளையோட கதைக்க விடு."

ஸ்ரனிஸ்லாஸ் கதவைத் திறந்தார். அரிசி மூட்டைகளுக்கும் கத்தரிக்காய்ப் பெட்டிகளுக்கும் நடுவில், தோள்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, பிரபாலினி குந்தியிருந்தாள். குளிரில் வந்த மூச்சு புகையாகப் போனது.

"பிள்ளை," என்றார் அம்புறோஸ், "உன்னை இறங்கு எண்டு சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவை என்னத்துக்கு வந்தவை எண்டும் எனக்குத் தெரியாது. கூட்டிக்கொண்டு போகவும் வந்திருக்கலாம். ஆனா இந்தக் கம்பியைத் தாண்டினா, இவ்வளவு நாளும் பெயர் சொல்லி இருந்தது எல்லாம் போச்சு. அதுக்குப் பிறகு நீ ஒளிச்சிருக்கிற ஆள். எவ்வளவு காலம் எண்டு ஆருக்கும் தெரியாது."

"நான் போனா... அவை கேட்டா என்ன சொல்லுவியள்?"

"அவ போட்டா எண்டு சொல்லுவன்."

"வானில எண்டோ?"

"எதில எண்டு கேட்டா, ஓம், வானில எண்டுதான் சொல்லுவன்."

"அட சண்டாளா" என்றார் ஸ்ரனிஸ்லாஸ். அவர் குரல் அழுகிறமாதிரி இருந்தது. "நாப்பது வருசம், ஒரே கோப்பையில திண்டிருக்கிறம்."

பிரபாலினியின் கண்கள் அம்புறோசைவிட்டு விலகவில்லை. "இறங்கினா?"

"இறங்கினா, இஞ்ச இருக்கிறா எண்டு சொல்லுவன். கூட நிப்பன். உன்னைக் கூட்டிக்கொண்டு போறதெண்டா, இது சரியில்லை எண்டு அவைக்கு முகத்துக்கு நேர சொல்லுவன். கை வைக்கமாட்டன், கதவு பூட்டமாட்டன், ஆனா விலகவும் மாட்டன். என்னையும் ஏத்தினா ஏத்தட்டும். அதுக்கு மேல எனக்கு ஒண்டும் ஏலாது பிள்ளை."

முன்வாசல் மணி அடித்தது. வெளியே பின்வளவுக்கும் கேட்டது. பிரபாலினி கண்ணை மூடினாள். அந்த முகாமில் காலையில் பெயர் கூப்பிடும்போது இப்படித்தான் ஒரு மணி அடிக்கும் என்று பிறகு தேவமலரிடம் சொல்லியிருக்கிறாள்.  பிறகு பையை மூட்டையின்மேல் வைத்தாள், மறுபடி எடுத்துக்கொண்டாள், பெட்டியைப் பிடித்து எழுந்து, நல்ல காலை முதலில் வைத்து இறங்கினாள்.

ஸ்ரனிஸ்லாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வாசலில் வெளிநாட்டவர் அலுவலகத்துப் பெண் ஒருத்தியும் ஒரு பொலிஸ்காரரும் நின்றார்கள். பொலிஸ்காரர் கால்மிதியில் சப்பாத்தின் பனியைக் கவனமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்புறோஸ் கதவை முழுதாகத் திறந்து பிடித்தார். 

பெண் அடையாள அட்டையைக் காட்டி, பிரபாலினியின் பெயரை உடைத்து உடைத்து வாசித்தாள். "இந்தப் பெண் இங்கே தங்கியிருக்கிறாரா?"

"தங்கியிருக்கிறார்" என்றார் அம்புறோஸ். "ஒக்டோபரிலிருந்து. எங்கள் விருந்தாளி. அவரைக் கூட்டிப்போக வந்திருந்தால், அது சரியல்ல என்று நினைக்கிறேன். நீங்கள் செய்வதை நான் தடுக்கமாட்டேன். ஆனால் அவர் பக்கத்தில்தான் நிற்பேன்."

இவ்வளவு நீளமாக ஒரு அதிகாரியிடம் அவர் வாழ்நாளில் பேசியதில்லை. பெண் அவரை வியப்போடு பார்த்தாள்.

"நீங்கள்?"

"கோவிலைப் பராமரிக்கிறவன்."

"அவரைப் பார்க்கலாமா?"

கூப்பிடவேண்டியிருக்கவில்லை. அவருக்குப் பின்னால், ஒரு பூந்தொட்டியைப் பிடித்தபடி, பிரபாலினி நின்றுகொண்டிருந்தாள். கூந்தலில் அரிசி மூட்டைச் சணல்நூல் ஒட்டியிருந்தது. அலுவலகப் பெண் கையிலிருந்த படத்தையும் முகத்தையும் பார்த்தாள். பிறந்த திகதியைக் கேட்டாள். அம்புறோஸ் தமிழில் கேட்டார், பிரபாலினி சொன்னாள், அவர் ஜேர்மனில் சொன்னார்.

"நன்றி" என்றாள் பெண். "அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"இங்கே இருக்கிறாரா என்று பார்க்கச் சொன்னார்கள். இருக்கிறார்."

பொலிஸ்காரர் இறங்கும்போது, படியில் மணல் நன்றாகத் தூவியிருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்.  கதவைச் சாத்தியதும் அம்புறோஸ் உடுப்புத் தொங்கவிடும் கொளுக்கிகளுக்குக் கீழிருந்த வாங்கில் இருந்துவிட்டார். பிரபாலினி அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். 

பின்வளவில் வான் இல்லை. இறக்கவேண்டிய அரிசியும் அதோடு போயிருந்தது.

இடுகாட்டிலிருந்து திரும்பிய லூடர்ஸ் சுவாமியார் வழக்கறிஞருக்குத் தொலைபேசி எடுத்து விபரம் கேட்டார். அந்த நேரம் அவள் அங்கே இருந்திருக்காவிட்டால் தலைமறைவாகிவிட்டாள் என்று பதிந்திருப்பார்கள், ஆறு மாதத் தவணை பதினெட்டு மாதமாக நீண்டிருக்கும், எங்கே கண்டாலும் பிடித்து அனுப்பியிருப்பார்கள் என்றார் வழக்கறிஞர். சுவாமியார் அம்புறோசின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அம்புறோஸ் அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ளவில்லை. "அது தெரிந்து நான் செய்யவில்லை, சுவாமி. அவர்கள் கூட்டிப்போக வந்திருந்தாலும் நான் இதையேதான் சொல்லியிருப்பேன். அப்போது நீங்கள் என் கையைக் குலுக்கியிருப்பீர்களா?"

லூடர்ஸ் யோசித்தார். "குலுக்கியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்" என்றார் கடைசியில். "ஆனால் அது இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்."

வழக்கறிஞர் சொன்னதைத் தேவமலர் கடைக்குப் போய் ஸ்ரனிஸ்லாசுக்குச் சொன்னாள். அவர் தராசைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "தப்பினது நல்லது" என்றார். "ஆனா அவன் என்ர வானைக் காட்டிக்குடுத்திருப்பான் அக்கா. அதை வழக்கறிஞர் இல்லாமலாக்க ஏலாது." அடுத்த வியாழன் அரிசி வந்தது. கடையில் வேலை செய்யும் வேறொருவர்தான் கொண்டுவந்தார்.

ஏப்ரலில் தவணை முடிந்தது. அவளுடைய வழக்கை ஜேர்மனியே விசாரிக்கும் என்று அறிவித்தல் வந்தது. விசாரிக்கும் என்பதுதான், ஏற்றுக்கொள்ளும் என்பதல்ல. ஆனாலும் தகரப் பெட்டி முகாம் இனி இல்லை. வெளிநாட்டவர் அலுவலகத்தில் அவளுக்கு ஒரு டெர்மின், சந்திப்பு நேரம், கொடுத்திருந்தார்கள். மொழிபெயர்க்க அம்புறோஸ் கூடப் போனார்.

எஸ்-பான் நகர ரயிலில் யன்னலோரம் அவள் இருந்தாள். இவ்வளவு நாளும் அந்த ரயில் போகும் சத்தத்தை வேலிச்செடிக்கு அந்தப் பக்கமாகத்தான் கேட்டிருக்கிறாள். வீடுகளும் வாய்க்காலும் பின்னால் ஓடின. இரண்டு நிலையம் கடந்த பிறகு திரும்பாமலே கேட்டாள்.

"அண்ணை, அண்டைக்கு நான் வானில போயிருந்தா, உண்மையாவே சொல்லிக் குடுத்திருப்பியளோ?"

அம்புறோஸ் கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னார். "ஓம்."

"எனக்கு அது இன்னும் கோவம்தான்."

"இருக்கத்தானே வேணும். நான் அதைச் சரியெண்டு உன்னட்டச் சாதிக்க வரேல்லை, பிள்ளை. ஸ்ரனிஸ்லாஸ் கேட்டதுக்கும் இண்டைவரைக்கும் எனக்கு மறுமொழி இல்லை. வேற இடத்தில, வேற ஆக்கள் வந்து நிண்டா, நானும் கூடை தேடுவனோ தெரியாது."

"என்ன கூடை?"

அவர் சின்னப்பரின் கதையைச் சொன்னார். இரவோடிரவாக மதிலால் கூடையில் இறங்கியதைக் கேட்டு அவள் சிரித்தாள். "உங்கட சாமியளும் எங்களை மாதிரித்தான் தப்பி ஓடியிருக்கினம்" என்றாள். பிறகு சிரிப்பு அடங்கி, மடியிலிருந்த பையின் வாரைத் திருகிக்கொண்டு இருந்தாள்.

"ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை என்னில நல்ல பட்சம். எனக்குத் தெரியும். என்னை ஒளிக்க அவர் பத்துப் பொய் சொல்லுவார். ஆனா வானுக்குள்ள இருந்து யோசிச்சனான், இவர் எனக்காகப் பொய் சொல்லுறவர், நாளைக்கு எனக்கும் ஒரு பொய் சொல்லலாம், பயப்பிடாதை எல்லாம் சரி எண்டு. காட்டுக்குள்ள கூட்டிக்கொண்டு வந்த ஆக்களும் அப்பிடித்தான் சொன்னவை. நீங்கள் எனக்கு நல்லதா ஒரு பொய்யும் சொல்லேல்லை. காட்டிக்குடுப்பன் எண்டும் சொன்னனீங்கள், கூட நிப்பன் எண்டும் சொன்னனீங்கள். முதலாவது உண்மையெண்டு முகத்தில தெரிஞ்சுது. அதாலதான் ரெண்டாவதையும் நம்பினனான்."

 முன்னிருக்கையில் இருந்த ஜேர்மன் கிழவர் ஒருவர் செய்தித்தாளை மடித்துவிட்டு, இறங்க எழுந்தார்.

"ஆனா கோவம் கோவம்தான்" என்றாள் பிரபாலினி. "ஸ்ரனிஸ்லாஸ் அண்ணையோட நீங்கள்தான் போய்க் கதைக்கவேணும். அவர் வரமாட்டார்."

"நான் போனாலும் ஏசுவான்."

"ஏசட்டும். கேட்டுக்கொண்டு நில்லுங்கோ. உங்களுக்கு நிக்கத் தெரியும்தானே?"

ரயில் பிரதான நிலையத்துக்குள் நுழைந்தது. அலுவலகத்துக்குப் போக அங்கே மாறவேண்டும். கடை, நிலையத்திலிருந்து ஒரு தெரு தள்ளித்தான். அம்புறோஸ் மணிக்கூட்டைப் பார்த்தார். டெர்மினுக்கு இன்னும் நேரம் இருந்தது.

"வா பிள்ளை" என்றார். "உனக்கு முன்னாலயே ஏச்சு வாங்கிறன்."